சுழி போட்ட அம்மி

ஜூன் 9, திங்கள்

மிக்சி செத்துப் போனது. இந்த வருடத்தில் இது மூன்றாவது சாவு. இங்கே ஜெனரேட்டர் ஒரு நேரம் யானை மாதிரி பிளிறும், இன்னொரு நேரம் சீக்காளி மாதிரி இருமும். நடுவில் அகப்பட்ட மிக்சி என்ன செய்யும்? புகை விட்டது, கருகல் நாற்றம் அடித்தது, நின்றது. உள்ளே பாதி அரைபட்ட தேங்காய். வெளியே முப்பது ஆம்பளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த டைரி என் மகள் கயல் வாங்கிக் கொடுத்தது. "போன்ல என்கிட்ட கத்தாத, இதுல கத்து" என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டாள். ஆறு மாதமாகப் பெட்டியில் சும்மா கிடந்தது. போனில் சிக்னல் வேண்டுமென்றால் ஆற்றங்கரை வரை நடக்க வேண்டும். இன்றைக்கு இருந்த கோபத்துக்கு அவ்வளவு தூரம் தாங்காது. அதனால் இதைப் பிரித்துவிட்டேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும்.

நான் பொன்னழகு. ஊர் வையம்பட்டி. இப்போது இருப்பது காபோன் என்கிற ஆப்பிரிக்க தேசத்தில், ஒகோவே ஆற்றுக்குப் பக்கத்துக் காட்டில், மரம் அறுக்கிற கம்பெனியின் கேம்ப்பில். எங்கள் வீட்டுக்காரர் வீரமலைக்குப் பட்டறையில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலை. பேரை வாயால் சொன்னால்தான் தப்பு, எழுதினால் தப்பில்லை. எனக்கு மெஸ்ஸில் சமையல். அவர் ரம்பத்தோடு பேசுகிற அளவுக்கு என்னோடு பேசியிருந்தால் இந்த டைரிக்கே வேலை இல்லை.

மேனேஜர் தயாபரன் சார் வந்து, சட்டினி இல்லாத இட்லியை எப்படித் தின்பது என்று கேட்டார். தொண்டை வழியாகத்தான் சார் என்றேன். புது மிக்சி கேட்டதற்கு அடுத்த கப்பலில் வரும் என்றார். எந்தக் கப்பல், அதை இனிமேல்தான் கட்டப்போகிறார்களா, அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒரே கத்து. ஒரு அம்மி மட்டும் இருந்தால் இவர்கள் கரண்டை நம்பி நான் ஏன் சாக வேண்டும் என்றேன். அவர் சோற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா சோற்றுக்கு ஆட்டினாரா தெரியாது.

ஜூன் 14, சனி

எனக்குத்தான் ஆட்டியிருக்கிறார். அம்மி வந்துவிட்டது.

பட்டறை டிராக்டரில், சாக்குப் போட்டு மூடி, நாலு பேர் முக்கி முனகி இறக்கினார்கள். கறுப்புக் கல். நல்ல பெரிய கல், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். மேல்பக்கம் வழுவழுவென்று, நடுவில் லேசாகக் குழி. எனக்கு முன்னால் எவளோ ஒருத்தி நாலு தலைமுறைக்கு மிளகாய் அரைத்துவிட்டுப் போன மாதிரி. செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றும்போது கீழ்ப்பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக அஞ்சு வட்டம், உளியால் பொளிந்தது. பக்கத்தில் பல்லி மாதிரி ஒன்று. "ஏங்க, இங்கயும் ஒருத்தி கைமுறுக்குச் சுத்தியிருக்கா பாருங்க, அஞ்சு சுத்து. பல்லி விழுந்ததும் பாதியில விட்டுட்டுப் போயிட்டா" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்தால்தான் விசேஷம் என்று விட்டுவிட்டேன்.

எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு ஆற்றில் கிடந்தது என்றார். கழுவினேன். செம்மண் கரைந்து கரைந்து ஓடியது. ஒரு ஓரத்தில் புதுசாகச் செதில் பெயர்ந்து, மஞ்சள் பெயின்ட் இழுவியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மஞ்சள்தானே, அரைக்கிற கல்லில் இருந்தால் மங்கலம் என்று விட்டுவிட்டேன்.

என் கல்யாணத்தில் மிதிக்க வைத்த அம்மி பக்கத்து வீட்டு இரவல். மிதித்த காலை எடுப்பதற்குள் திரும்பக் கேட்டு ஆள் வந்தது. இத்தனை வருடம் கழித்து மனுசன் சொந்த அம்மி கொண்டுவந்து போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் வலது காலைத் தூக்கி ஒரு தரம் வைத்துப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

குழவிக்கு ஆற்றங்கரையில் ஒரு நீளக் கல்லைப் பொறுக்கினேன். தேங்காய்ச் சட்டினி. ஒருத்தனும் பேசவில்லை. தட்டு வழிக்கிற சத்தம்தான்.

ஜூன் 20, வெள்ளி

ஒதீல் கீரையும் மரவள்ளியும் கொண்டுவந்தாள். பக்கத்து ஊர் மிசாங்காவில் இருப்பவள், என் வயதுதான். கேம்ப்பில் எனக்கென்று இருக்கிற ஒரே பொம்பளைத் துணை. அவள் பிரெஞ்சில் பேசுவாள், அது எனக்குத் தமிழில் புரியும். நான் தமிழில் ஏசுவேன், அது அவளுக்கு எந்த பாஷையிலோ புரியும். நடுவில் அவள் கற்றுக்கொடுத்த ஒரு கைப்பிடி பிரெஞ்சு வார்த்தைகள்.

அவள் புருசன் அன்செல்ம், மொபெலே குன்றுக்குக் காவலாள். காட்டுக்கு நடுவே புல்வெளியாக ஒரு குன்று. அதன் பாறைகளில், இரும்பு புதுசாக வந்த காலத்து ஆட்கள் பொளிந்த வட்டமும் ஓணானும் கத்தியும் இருக்கிறதாம். காட்டையும் குன்றையும் சேர்த்து உலகத்துக்கே சொந்தம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். உலகத்துக்கே சொந்தமானதை அன்செல்ம் ஒரு தடிக்கம்போடு தனியாகக் காக்கிறார். நான் போய்ப் பார்த்ததில்லை. முப்பது பேருக்கு ஆக்கிக் கொட்டுகிறவளுக்கு உலகத்தின் சொத்தைப் பார்க்க ஏது நேரம்?

அன்செல்முக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியும். கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார், "மாமான், சாப்டாச்சா?" என்பார். மாமான் என்றால் அம்மா. "இல்ல, உங்க பொண்டாட்டி கீரையைக் கொடுத்தாத்தான்" என்பேன். அவருக்குப் புரியாது. ஆனாலும் சரியான இடத்தில் சிரிப்பார்.

ஒதீலின் மகள் கிளாரிஸுக்கு இது நிறைமாதம். பிள்ளை பிறந்தால் குன்றின் அடிவாரத்தில் உள்ள கல்லில் அதன் கையை வைத்துத்தான் பேர் சொல்வார்களாம். அவளுக்கு அப்படித்தான், அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். அதுவரைக்கும் பிள்ளை வெறும் விருந்தாளியாம். பேர் சொன்ன பிறகுதான் ஊர்க்காரியாம். எங்கள் ஊரில் காது குத்துவதற்கு ஆடு வெட்டுவோம், உங்களுக்குக் கல்லோடு முடிந்துவிடுகிறது, செலவில்லாத ஊர் என்று கேலி செய்தேன். கொத்துக் கீரையால் தோளில் ஒன்று வைத்தாள்.

ஜூன் 23, திங்கள்

ஒதீல் கண் வீங்கி வந்தாள். கல்லைக் காணோமாம். தலைநகரத்திலிருந்து ஆள் வந்து அன்செல்மைக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ரெண்டு வாரமாக அவருக்குக் காய்ச்சல், குன்றுப் பக்கமே போகவில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்லைக்கூடவா திருடுவான்? அவன் கையில் புழு வைக்க. மரத்தை எடுத்தார்கள், யானைத் தந்தத்தை எடுத்தார்கள், மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்தார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிற கல்லை எடுத்துக்கொண்டு போய் எவன் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறானோ. அவன் தின்கிற சோறு தொண்டையில் நிற்க. இதையெல்லாம் தமிழில்தான் சொன்னேன். ஒதீல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எப்படிப்பட்ட கல் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே காட்டினாள். மேடையில் இட்லி மாவு சிந்திக் கிடந்தது. அதில் விரலால் ஒரு வட்டம் போட்டாள், அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று.

நான் துணியை எடுத்து மாவைத் துடைத்தேன்.

உலகத்தில் வட்டம் போட்ட கல் எத்தனையோ இருக்கும்.

ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஏன் சட்டினி இல்லை என்று ஒருத்தன் கேட்டான். உன் நாக்கை அறுத்துப் போடு, அரைத்துத் தருகிறேன் என்றேன். மற்ற நாளில் இதற்குச் சிரிப்பார்கள்.

ஜூன் 26, வியாழன்

அன்செல்மைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கல்லை வெளிநாட்டுக்காரனுக்கு விற்றாராம். சாட்சி யார்? எங்கள் தயாபரன் சார். ஏதோ ஒரு வெள்ளை வண்டியில் அன்செல்ம் கல் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்தாராம். ஜெயிலுக்குப் போனால் வருடக்கணக்கில் என்கிறார்கள்.

இன்னும் எழுதாமல் இருக்க முடியாது. அடுப்படியில் கிடப்பது அந்தக் கல்தான். வந்த அன்றைக்கே செம்மண்ணைப் பார்த்தேன். ஆற்றுக் கல்லில் செம்மண் எங்கிருந்து வரும்? மஞ்சள் பெயின்ட் புல்டோசரின் பெயின்ட். அதையும் பார்த்தேன். மங்கலம் என்று எழுதி வைத்திருக்கிறேன், மங்கலம்!

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டை வைக்காமல் எதிரே நின்றேன். கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆறு என்றார். மறுபடியும் கேட்டேன். பேசாமல் இருந்தார். இந்த மனுசன் பேசாமல் இருப்பதிலேயே எத்தனை வகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது பயந்த வகை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. லாரிக்குப் புது ரோடு போடுகிறார்கள். குன்றைச் சுற்றிப் போனால் தூரம் அதிகம், டீசல் அதிகம். ஓரத்தைச் சீவிவிடு என்று தயாபரன் சார் சொல்லியிருக்கிறார். புல்டோசரில் சீவியது பாப்டிஸ்த், மிசாங்காக்காரன். அவன் கையையும் பிறந்தபோது அந்தக் கல்லில் வைத்திருப்பார்கள். முடியாது என்று முதலில் சொன்னானாம். அப்படியானால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றாராம் சார். சீவினான். கல் உருண்டு ரோட்டில் வந்து விழுந்தது. அப்போது டிராக்டரோடு அங்கே நின்றது எங்கள் வீட்டுக்காரர். யாரும் பார்ப்பதற்குள் ஆற்றில் தள்ளிவிட்டு வா என்று அவரிடம் சொல்லியிருக்கிறார் சார்.

"ஆத்துக்குத்தான் கொண்டு போனேன் அழகு. தண்ணியில தள்ள மனசு வரல. நல்ல கல்லு. நீ வேற அம்மி, அம்மின்னு கத்திக்கிட்டு இருந்த."

"அப்ப சாருக்குத் தெரியாதா, கல்லு இங்க இருக்குன்னு?"

"தெரியாது. ஆத்துல போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர், உடையவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். சட்டினி அரைத்தேன். அரைக்காமல் இருந்தால் ஏன் என்று கேள்வி வரும். குழவியைத் தள்ளும்போதெல்லாம் அடியில் அந்த அஞ்சு வட்டம் இருக்கிற நினைப்பு. ஒரு பிள்ளையின் கைமேல் வைத்து அரைக்கிற மாதிரி இருந்தது.

தயாபரன் சாருக்கு நானே பரிமாறினேன்.

"சார், அன்செல்ம் என்ன ஆனாரு?"

"யாரு?"

"குன்றுக் காவலாள் சார். நீங்கதான் சாட்சி சொன்னீங்களாம்."

அவர் இட்லியைச் சட்டினியில் முக்கினார். "இவனுங்க எல்லாத்தையும் விப்பானுங்கம்மா. உனக்கெதுக்கு அது? இன்னும் கொஞ்சம் சட்டினி போடு. அம்மியில அரைச்சா ருசியே தனி. எங்க புடிச்ச அம்மிய?"

"எங்க வீட்டுக்காரர் கொண்டாந்தாரு சார். ஆத்துல கெடந்துச்சாம்."

"நல்ல கல்லு" என்றார்.

நாலாவது இட்லியும் வாங்கிக்கொண்டு செய்தி சொன்னார். வரும் சனிக்கிழமை பெரிய ஆட்கள் வருகிறார்கள். தலைநகரத்துக் கலாச்சார இலாகா அம்மா, போலீஸ் அதிகாரி, ஐரோப்பாவிலிருந்து மரம் வாங்குகிற இரண்டு வெள்ளைக்காரர்கள். காட்டையும் பழம்பெருமையையும் கம்பெனி எப்படிக் காப்பாற்றுகிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று. நம்ம ஊர்ப் பலகாரமாக ஏதாவது செய், மறக்கவே முடியாத மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

சரி சார் என்றேன்.

ஜூலை 2, புதன்

கீரை வரவில்லை. நானே மிசாங்காவுக்கு நடந்தேன். கிளாரிஸுக்குப் பெண் குழந்தை, பிறந்து மூன்று நாள். வீட்டில் சிரிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. பிள்ளையை யாரும் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. விருந்தாளியைப் போலத் தூக்குகிறார்கள், விருந்தாளியைப் போலக் கிடத்துகிறார்கள். தாத்தா ஜெயிலில், கல் எங்கேயோ.

முறுக்கு கொண்டுபோயிருந்தேன். ஒதீல் அதை வாங்கிப் பார்த்தாள். வெளி வட்டத்தில் விரலை வைத்து உள்ளே உள்ளே கொண்டுபோனாள். திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"உங்க லாரியில எங்க மரம் போகுது. தினம் பாக்குறோம். கல்லும் அதுலதான் போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. நீ சொல்லு, நான் நம்புறேன்."

வையம்பட்டியில் என் வாய்க்குப் பயந்து தண்ணீர் லாரிக்காரன் தெருவையே மாற்றிப் போவான். அந்த வாய் திறக்கவில்லை. பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். அந்தக் கையில்தான் குழவி பிடித்தேன் என்று நினைப்பு வந்து இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. பாஸ்போர்ட் ரெண்டும் சாரின் பீரோவில் இருக்கிறது என்றார். கல்லை எடுத்தது யார் என்று கேட்டால் என் பேர்தான் வரும் என்றார். கயல் கல்யாணம் என்றார். எல்லாம் நிஜம்தான். நிஜமாக இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அப்ப அந்த மனுசன் உள்ள கெடக்கட்டுமா? உங்க பொண்டாட்டிக்கு அம்மி வேணும்னு அவர் ஜெயிலுக்குப் போகட்டுமா?"

எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். ரம்பம் தீட்டுகிற சத்தம் இருட்டுகிற வரைக்கும் கேட்டது. தீட்டுவதற்கு ரம்பமே இல்லாத நாள் இன்றைக்கு.

ஜூலை 4, வெள்ளி

பச்சரிசி ஊறப்போட்டு, இடித்து, சலித்து, உளுந்து வறுத்து, எள், சீரகம், வெண்ணெய். கைமுறுக்கு, அஞ்சு சுற்று. ஒன்றில்கூட விரிசல் இல்லை. கோபத்தில் சுற்றினால் முறுக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாமல் போயிற்று.

அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நாளைக் காலையில் அம்மியைப் புரட்டிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடுமேசைமேல் வைக்க ஆள் வேண்டும். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பேசாமல் இருப்பதில் இது நான் பார்க்காத வகை.

"மேச தாங்காது. ரெண்டு கட்டை முட்டுக் குடுக்கணும்" என்றார்.

ஜூலை 5, சனி

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

கல் நடுவில், வட்டம் மேலே பார்க்க. அதை மூடி வாழையிலை. இலைமேல் முறுக்கைக் கோபுரமாக அடுக்கினேன். பின்னால் சுவரில் பேனர்: குன்றுப் படம், மரப் படம், தயாபரன் சார் சிரிக்கிற படம்.

விருந்தாளிகள் வந்தார்கள். கலாச்சார இலாகா அம்மா குள்ளமாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் போலீஸ் அதிகாரி. எங்கள் ஆட்களும் உள்ளூர் ஆட்களும் ஓரத்தில் நின்றார்கள், பாப்டிஸ்தும் இருந்தான். சார் பேசினார். குன்று எங்களுக்குக் கோயில் மாதிரி என்றார். காவலாளே திருடிவிட்டானே என்று வருத்தப்பட்டார். கைதட்டினார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, பலகாரம் எடும்மா என்றார்.

"சார், நீங்களே இலையோட தூக்கிக் குடுங்க சார். அதுதான் நம்ம ஊர் மரியாதை. போட்டோவுக்கும் நல்லாருக்கும்."

போட்டோ என்றதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். இலையை இரண்டு கையாலும் முறுக்கோடு தூக்கி, அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பல் எல்லாம் தெரியச் சிரித்தார். ஆபீஸ் ஆள் போட்டோ எடுத்தான்.

அந்த அம்மா முறுக்கைப் பார்க்கவில்லை. சாருக்குப் பின்னால் பார்த்தார். போலீஸ் அதிகாரியும் பார்த்தார். உள்ளூர் ஆட்கள் பக்கத்திலிருந்து மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் கடைசியாகத் திரும்பிப் பார்த்தவர் தயாபரன் சார்தான். அஞ்சு சுற்று. பல்லி. ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்.

இலை சாய்ந்தது. முறுக்கு முழுக்கத் தரையில்.

நான் ஒதீல் கற்றுக்கொடுத்த பிரெஞ்சை எடுத்தேன். அதில் இலக்கணம் எல்லாம் கிடையாது, காய்கறி மாதிரி தனித்தனியாகத்தான் இருக்கும். பெயின்ட்டில் கை வைத்து "புல்டோசர்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே காட்டி "ரூத்" என்றேன், ரோடு. ஆற்றுப் பக்கம் காட்டி, தள்ளுகிற மாதிரி செய்தேன். அப்புறம் சாரைக் காட்டி "பத்ரோன்" என்றேன், முதலாளி. கடைசியில் "அன்செல்ம், நோ" என்றேன். அதை எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது.

சார் ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சமையல்காரிக்குப் புத்தி சரியில்லை என்றிருப்பார். என்னிடம் தமிழில், "ஊருக்குப் போகணுமா இல்லையா உனக்கு?" என்றார், மெதுவாக, சிரிப்பு மாறாமல்.

கை கழுவுகிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வந்தார். கிரீஸ் கையோடு வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நாந்தான் தூக்கிட்டு வந்தேன். ஆத்துல போடச் சொன்னது இவரு."

தமிழில் சொன்னார், அதுவும் மெஷின் சத்தத்துக்குப் பழகிய குரலில். விருந்தாளிகளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் பாப்டிஸ்த் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் வந்தான், உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்தான், வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். நல்ல பிரெஞ்சு, நிறுத்தாத பிரெஞ்சு. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். போலீஸ் அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

ஒரு வெள்ளைக்காரர் குனிந்து, கீழே கிடந்த முறுக்கு ஒன்றை எடுத்துத் துடைத்துத் தின்றார். அவரை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 9, புதன்

அன்செல்ம் வந்துவிட்டார். இளைத்துப் போயிருக்கிறார். முன்பல் ஒன்று இல்லை. யார் உடைத்தது என்று சொல்லவில்லை.

நியாயம் கிடைத்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். கீழ்மட்ட ஊழியர்களின் கவனக்குறைவு என்று கம்பெனி சொல்லிவிட்டது. பாப்டிஸ்துக்கு வேலை போயிற்று. எங்கள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் போயிற்று, அடுத்த வாரம் விமானம். தயாபரன் சாரைக் கடற்கரைப் பக்கத்தில் இதைவிடப் பெரிய கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது பாஸ்போர்ட்டை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். "சட்டினிய இனி எவன்ட்ட கேப்பீங்க சார்?" என்றேன். காதில் விழாத மாதிரி வண்டி ஏறினார். பின்னால் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி இன்னொரு தரம் கேட்டேன்.

கல்லைப் பாதுகாப்புக்காகத் தலைநகரத்துக்கு எடுத்துப் போகிறோம் என்று வண்டி வந்தது. மிசாங்காப் பொம்பளைகள் மெஸ்ஸுக்குள் நுழைந்து, ஆள் மாற்றி ஆள் கல்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி சும்மா திரும்பியது. உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் குடித்தார்கள். ஒதீல் மட்டும் வாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல் குன்றுக்குப் போன நாள்.

அதற்கு முன்னால் ஒதீல் வந்து, கழுவு என்றாள். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். புளி போட்டேன், சாம்பல் போட்டேன், தேங்காய் நாரால் தோள் இற்றுப்போகத் தேய்த்தேன். வட்டம் சுத்தமாகிவிட்டது. அரைத்த பக்கத்தில் மஞ்சளும் மிளகாயும் கல்லின் கண்ணுக்குள்ளே இறங்கிவிட்டன, போகவில்லை. ஒதீல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் கீழ போகுது. மண்ணு தின்னுக்கட்டும்" என்றாள்.

குன்றை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். சுற்றிலும் காடு, நடுவில் மஞ்சள் புல், கறுப்புப் பாறைகள். ஒரு பக்கம் மட்டும் கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செம்மண் தெரிந்தது. அதன் கீழே ரோடு. ரோட்டை யாரும் மூடவில்லை. கல் கிடைத்துவிட்டதே, ரோட்டில் என்ன தப்பு என்று விட்டுவிட்டார்கள்.

கல்லை இறக்கினார்கள். அன்செல்ம் என்னைப் பார்த்தார். சாப்டாச்சா என்று கேட்கவில்லை. கிளாரிஸ் பிள்ளையின் கையைப் பிரித்து வட்டத்தின்மேல் வைத்தாள். ஒதீல் வாயைத் திறந்தாள். கீழே லாரி வந்தது. கல் அதிர்ந்தது, பிள்ளை கையை இழுத்துக்கொண்டு வீறிட்டது. ஒதீல் சொன்ன பேர் யார் காதிலும் விழவில்லை. காத்திருந்தார்கள். புழுதி அடங்குவதற்குள் இன்னொரு லாரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையிலும் மரம் போகிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கி, சேலையெல்லாம் செம்மண்ணோடு நடுரோட்டில் போய் நின்றேன். வந்த லாரி என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டியவன் நம்ம மெஸ்ஸில் தின்று வளர்ந்தவன்.

"என்னக்கா, வழி விடுங்கக்கா."

"வர்ற லாரி பூரா நிக்கட்டும். இன்ஜின அணை."

"கம்பெனியில கேப்பாங்கக்கா."

"அழகுக்கா நடுரோட்டுல நிக்கிறான்னு சொல்லு. என்னைய இனிமே எந்த வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க? ஒரு புள்ளைக்குப் பேர் வச்சதும் நகர்றேன்."

பக்கத்தில் காலடி கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் வந்து என்னோடு நின்றார். அந்தப் பக்கம் பாப்டிஸ்த். ஒவ்வொரு லாரியாக வந்து நின்றது, ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது. கடைசி இன்ஜினும் அணைந்த பிறகுதான் இந்தக் காட்டில் இத்தனை பறவை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

மேலே ஒதீல் பேரைச் சொன்னாள். கீழே நின்ற எனக்கும் தெளிவாகக் கேட்டது.

அந்தப் பேரை இதில் எழுத மாட்டேன். மரம், தந்தம் என்று இங்கிருந்து தூக்கிக்கொண்டு போனதில் அதுவும் ஒன்றாக வேண்டாம்.